கடலுக்குள் ஆஸ்பத்திரி, மழையில் கரைந்த சுவர்... தெரியுமா?

மத்தியதரைக் கடலுக்கு நடுவே ஓர் ஆப்கன் ஆஸ்பத்திரி இருந்தது தெரியுமா? அலை, மீன், கப்பல், அதோடு ஓர் ஆஸ்பத்திரி! கட்டுக்கதை இல்லை. அமெரிக்க அரசின் உதவிப் பட்டியலில் அப்படித்தான் பதிவாகியிருந்தது!

நடந்தது 2015-ல். அமெரிக்கப் பணத்தில் ஆப்கானிஸ்தானில் 641 மருத்துவ நிலையங்கள் இயங்கின. அவை எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலைத் தணிக்கைக்காரர்கள் வாங்கினார்கள். அதிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகைகளைச் செயற்கைக்கோள் படங்களோடு வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 80 சதவீத இடங்கள் தப்பு! 189 இடங்களில் சுற்றி 400 அடிக்கு ஒரு கட்டடம்கூடத் தென்படவில்லை! ஆறு ஆஸ்பத்திரிகள் பாகிஸ்தானுக்குள் போயிருந்தன. ஆறு தஜிகிஸ்தானுக்குள். இன்னும் ஒன்றுதான் அந்தக் கடலுக்குள்! ஆப்கானிஸ்தானுக்குக் கடற்கரையே கிடையாது என்பது கூடுதல் சுவாரஸ்யம்!

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? ‘சிகார்’ என்ற தணிக்கை அமைப்பினர். ஆப்கன் மறுசீரமைப்புக்குப் போகும் பணத்தைக் கண்காணிக்க 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றமே உண்டாக்கிய அமைப்பு அது. ஜான் சோப்கோ என்பவர் 2012 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதன் தலைவராக இருந்தார். தன் நாட்டுக் குட்டைத் தன் நாட்டு மக்களிடமே உடைப்பதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர்! அவர்களின் அறிக்கைகளைத் திறந்தால் மூடவே மனசு வராது. வாருங்கள், உள்ளே போவோம்!

எவ்வளவு பணம்?

2001-லிருந்து 2021 வரை ஆப்கானிஸ்தானைக் கட்டியெழுப்ப அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 14,500 கோடி டாலர்! போர்ச் செலவு இதில் சேராது; அது தனி. இருபது ஆண்டுகளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர்! ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் எல்லாம் சேர்த்து!

இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போன ஐரோப்பாவை நிமிர்த்த அமெரிக்கா கொடுத்த ‘மார்ஷல் திட்டம்’ நினைவிருக்கிறதா? 16 நாடுகளுக்குப் போன அந்த மொத்தத் தொகையும் 2014-ம் ஆண்டு மதிப்பில் சுமார் 10,300 கோடி டாலர்தான் என்று அந்த ஆண்டே சிகார் கணக்குப் போட்டுச் சொன்னது. ஆப்கானிஸ்தான் என்ற ஒரே நாடு அதை அப்போதே தாண்டிவிட்டது!

அதில் எவ்வளவு வீணானது? 6,300 கோடி டாலர் செலவை மட்டும் தனியாக எடுத்து அலசினார்கள். 1,900 கோடி டாலர் வீண் செலவு, மோசடி, முறைகேடு! பத்து ரூபாய்க்கு மூன்று ரூபாய் காலி!

விமானம் கிலோ என்ன விலை?

இத்தாலி விமானப்படை ஓட்டி முடித்த 20 பழைய சரக்கு விமானங்களைச் செப்பனிட்டு ஆப்கன் விமானப்படைக்குக் கொடுத்தார்கள். செலவு 48.6 கோடி டாலர்! கொடுத்த விமானங்கள் பறந்ததைவிட நின்றதுதான் அதிகம். உதிரிபாகம் கிடைக்கவில்லை, பராமரிப்பு இல்லை. 2013-ல் திட்டத்தையே மூடினார்கள். 2014-ல் காபூல் விமான நிலையத்தில் நின்ற 16 விமானங்களை வெட்டி, காயலான் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். விலை? ஒரு பவுண்டுக்கு 6 சென்ட்! அன்றைய மதிப்பில் கிலோ 8 ரூபாய் சொச்சம். நம்ம தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் செய்தித்தாளுக்கே அதைவிட நல்ல விலை கொடுப்பார்!

மொத்தமாகக் கைக்கு வந்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 32,000 டாலர்! 48 கோடி எங்கே, 32 ஆயிரம் எங்கே!

தண்ணீர் பட்டால் கரையும் சுவர்!

வர்தக் மாகாணத்தில் ஆப்கன் போலீசாருக்கு ஒரு பயிற்சித் தளம் கட்டினார்கள். ஒரு கிராமம் மாதிரி வீடுகள் அமைத்து, அதற்குள் புகுந்து சோதனை போடப் பழகுவதற்கான இடம். செலவு 4,56,669 டாலர். கட்டி நாலே மாதம்! சுவர்கள் கரைய ஆரம்பித்துவிட்டன! செங்கல்லில் களிமண்ணைவிட மணல்தான் அதிகம். மழை பட்டதும் உருகி வழிந்தது. ‘கட்டடம் உருகுகிறது’ என்று தணிக்கை அறிக்கையில் எழுத வேண்டி வந்தது உலகத்திலேயே இவர்களுக்குத்தான் இருக்கும்!

காடு இல்லாத நாட்டுக்குக் காட்டு யூனிஃபார்ம்!

ஆப்கானிஸ்தான் நிலப்பரப்பில் காடு எத்தனை சதவீதம்? 2.1 சதவீதம்! மற்றதெல்லாம் மலை, பாறை, மணல், புழுதி. அந்த நாட்டு ராணுவ வீரர்கள் போட்டுக்கொண்டது என்ன நிற உடை தெரியுமா? பச்சைப் பசேலென்ற காட்டு வடிவம்!

2007-ல் இணையதளத்தில் வடிவங்களைப் புரட்டிப் பார்த்த அப்போதைய ஆப்கன் பாதுகாப்பு அமைச்சருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவ்வளவுதான் ஆராய்ச்சி! அமெரிக்க அரசிடம் சொந்தமாக, காசில்லாமல் கொடுக்கக்கூடிய வடிவங்கள் இருந்தும், ஒரு தனியார் கம்பெனிக்கு உரிமை உள்ள வடிவத்தை வாங்கினார்கள். கூடுதல் செலவு 2.8 கோடி டாலர் வரை இருக்கும் என்கிறது சிகார்! புடவை எடுக்கப் போனால்கூட வெயிலில் வைத்து நிறம் பார்ப்போம். இங்கே ஒரு ராணுவத்துக்கே துணி எடுத்தார்கள்!

ஒன்பது தங்க நிற ஆடுகள்!

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகனுக்குத் தொழில் வளர்ச்சிக்கென்று ஒரு தனிப்படை இருந்தது. ராணுவம் ஏன் தொழில் வளர்க்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? சோப்கோவும் அதைத்தான் கேட்டார்! அந்தத் தனிப்படை காஷ்மீர் கம்பளித் தொழிலை மேம்படுத்த, இத்தாலியிலிருந்து அபூர்வமான பொன்னிறக் கிடாய்களை ஹெராத் நகரத்துக்கு வரவழைத்தது. எத்தனை? ஒன்பது! பண்ணை, ஆய்வுக்கூடம், பணியாளர்கள் என்று செலவு பல லட்சம் டாலரைத் தொட்டது. கடைசியில் அந்த ஆடுகள் உயிரோடு இருக்கின்றனவா, யாராவது சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை என்று 2016-ல் செனட் விசாரணையில் சொன்னார் சோப்கோ!

அதே தனிப்படைதான் ஷெபர்கான் நகரத்தில் இயற்கை எரிவாயு நிரப்பும் பங்க் ஒன்றையும் கட்டியது. சிகார் போட்ட கணக்கு 4.3 கோடி டாலர்! பக்கத்து நாடான பாகிஸ்தானில் அப்படியொரு பங்க் 5 லட்சம் டாலருக்குள் முடிந்துவிடுமாம்! அவ்வளவெல்லாம் ஆகவில்லை, கணக்கு தப்பு என்று பெண்டகன் பின்னால் மறுத்தது. சரி, பங்கின் விலையை விடுங்கள். எரிவாயுவில் ஓட ஒரு காரை மாற்றியமைக்கச் செலவு சுமார் 700 டாலர். சராசரி ஆப்கானியரின் ஆண்டு வருமானம்? சுமார் 690 டாலர்! யார் வண்டியை மாற்றுவார்கள்? கடைசியில் தனிப்படையே தன் காசைப் போட்டு 120-க்கும் மேற்பட்ட கார்களை மாற்றிக் கொடுத்தது. கடை திறந்தவரே வாடிக்கையாளரையும் விலைக்கு வாங்கிய அதிசயம்!

இந்தப் படையினர் தங்கியது எங்கே? ராணுவ முகாமிலா? அதுதான் இல்லை! தனியார் பங்களாக்களில்! பெரிய கட்டில், 27 அங்குல டிவி, குட்டி ஃபிரிட்ஜ், ஹோட்டல் தரச் சாப்பாடு, தனிப் பாதுகாவலர்கள். பங்களாக்களுக்கும் காவலுக்கும் மட்டும் சுமார் 15 கோடி டாலர்! அந்த அமைப்பின் மொத்த நிதியே 80 கோடி டாலர் அளவில்தான்!

சோயா சாப்பிடாதவர்களுக்குச் சோயா!

ஆப்கானியருக்குப் புரதம் வேண்டும். சோயாவில் புரதம் இருக்கிறது. எனவே ஆப்கானியர் சோயா பயிரிட வேண்டும்! கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! 3.44 கோடி டாலர் திட்டம். வட ஆப்கானிஸ்தானுக்குச் சோயா ஒத்துவராது என்று பிரிட்டிஷ் நிதியில் நடந்த ஆய்வு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. சொன்னதை யார் கேட்டார்கள்? விளைச்சல் வரவில்லை. மசார்-ஏ-ஷரீஃபில் கட்டிய சோயா ஆலைக்கு அரைக்கச் சரக்கில்லை. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து சோயாவைக் கப்பலில் ஏற்றி, சாலை வழியாக ஆலைக்குக் கொண்டுவந்தார்கள்! வந்த மாவில் சுட்ட ரொட்டியை ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீசல் ஆலைக்குப் போட்டியாக வந்தது யார்?

காபூல் அருகே தரகில் என்ற இடத்தில் 105 மெகாவாட் மின்நிலையம். அமெரிக்கச் செலவு 33.5 கோடி டாலர். 2014 பிப்ரவரியிலிருந்து 2015 ஏப்ரல் வரை அது தன் திறனில் எவ்வளவு மின்சாரம் தயாரித்தது? பாதி? கால்? ஒரு சதவீதம்கூட இல்லை!

ஏன்? அது டீசலில் ஓடுகிறது. டீசல் லாரியில் மலை ஏறி வர வேண்டும். அதைவிடப் பல மடங்கு மலிவாக உஸ்பெகிஸ்தானிலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் வந்துகொண்டிருந்தது! அந்தக் கம்பியைக் காபூல் வரைக்கும் இழுத்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? இந்தியர்கள்! புல்-ஏ-கும்ரியிலிருந்து 202 கிலோமீட்டர், 220 கிலோவோல்ட் மின்பாதை. ஹிந்துகுஷ் மலையின் சலாங் கணவாயில் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், பனிக்கு நடுவே கோபுரங்கள் நட்டார்கள்! ஒரு நண்பன் மின்கம்பி இழுக்கும்போதே இன்னொரு நண்பன் டீசல் ஆலை கட்டுகிறான். இருவரும் உட்கார்ந்து ஒரு டீ குடித்திருந்தால் 33 கோடி டாலர் மிச்சமாகியிருக்காதா?

ஒரு டர்பைனுக்கு நாலாயிரம் சிப்பாய்!

இது நீளமான கதை. ஆனால் சொல்லாமல் விட முடியாது!

ஹெல்மண்ட் மாகாணத்தில் கஜாகி அணை. 1953-ல் அமெரிக்கக் கம்பெனி கட்டியது. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டணியில் இருந்த அதே கம்பெனி! அதன் பொறியாளர்களும் குடும்பங்களும் தங்கிய லஷ்கர்கா நகருக்கு அப்போது ‘குட்டி அமெரிக்கா’ என்றே பெயர்! 1975-ல் அணையில் இரண்டு டர்பைன்கள் வந்தன. மூன்றாவதற்கு இடம் மட்டும் விட்டுவைத்தார்கள். வெற்றிடம் காத்திருந்தது... காத்திருந்தது... முப்பது ஆண்டுகளுக்கு மேல்!

2008 ஆகஸ்ட் கடைசியில் அந்த மூன்றாவது டர்பைன் கிளம்பியது. எடை 200 டன்னுக்கு மேல். கந்தகாரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், வழியெல்லாம் தலிபான். 100 வண்டிகள், ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்கள், கூடவே மற்ற நாட்டுப் படைகள், எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கும் மேல்! தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள், போர் விமானங்கள்! பாலைவனம் வழியாக மாற்றுப்பாதை போட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் அணைக்குக் கொண்டு சேர்த்தார்கள். உலகமெங்கும் பாராட்டு!

அப்புறம்? அதைப் பொருத்தக் கான்கிரீட் போட வேண்டும். அதற்கு 700 டன் சிமென்ட் வேண்டும். அந்தச் சிமென்ட்டை அதே சாலையில் கொண்டுபோக முடியவில்லை! பொருத்த வந்த ஒப்பந்தக்காரர்கள் ஓடிவிட்டார்கள். டர்பைன் அங்கேயே கிடந்தது. எப்போது சுழன்றது தெரியுமா? 2016 அக்டோபரில்! எட்டு ஆண்டுகள் கழித்து!

போகிற போக்கில் இன்னொன்று: இந்த அணையும் வாய்க்கால்களும் பாய்ச்சிய நிலத்தில் பின்னாட்களில் செழித்த பயிர் எது? அபின் கசகசா! ஹெல்மண்ட்தான் நாட்டிலேயே அதிகமாகக் கசகசா விளைந்த மாகாணம்! போதைப்பொருளை ஒழிக்க அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 900 கோடி டாலர். 2001-ல் 8,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி 2017-ல் 3,28,000 ஹெக்டேர் ஆனது! குறைக்கச் சொல்லிக் கொடுத்த காசு!

ஈராக்கில் நோட்டுக் கட்டால் ஃபுட்பால்!

ஆப்கானிஸ்தானில் மட்டுமா இப்படி? 2003 மே முதல் 2004 ஜூன் வரை நியூயார்க்கிலிருந்து ஈராக்குக்கு ராணுவச் சரக்கு விமானங்களில் ரொக்கமாகவே பணம் போனது. எவ்வளவு? ஏறக்குறைய 1,200 கோடி டாலர்! நோட்டுகளின் எடை 363 டன்! இத்தனைக்கும் அது பெரும்பாலும் ஈராக்கின் சொந்த எண்ணெய்ப் பணம். பிளாஸ்டிக் உறை போட்ட லட்சம் டாலர் கட்டுகளைத் தூக்கிப்போட்டு ஃபுட்பால் விளையாடினோம் என்று அங்கே வேலை பார்த்த அமெரிக்க அதிகாரி ஒருவரே பிறகு சொன்னார்!

காபூல் விமான நிலையக் கதை இதற்குத் தலைகீழ். அங்கே பணம் வெளியே பறந்தது! 2011-ல் மட்டும் சுமார் 450 கோடி டாலர் ரொக்கம் நாட்டைவிட்டுப் போனதாக மதிப்பீடு. தடுக்க நோட்டு எண்ணும் இயந்திரங்களை அமெரிக்கா வாங்கிக் கொடுத்தது. 2012 கடைசியில் தணிக்கைக்காரர்கள் போய்ப் பார்த்தால் இயந்திரங்கள் அலமாரி அளவு அறைக்குள் கிடந்தன! விஐபி பயணிகளுக்கோ சோதனையே கிடையாது! பெட்டி நிறையப் பணம் எடுத்துப் போகிறவர் விஐபி இல்லாமல் வேறு யார்?

ஏன் இப்படி?

எல்லோரும் முட்டாள்களா? இல்லவே இல்லை! பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆனால் அனுப்பிய ஆள் ஓராண்டு, சில சமயம் அதற்கும் குறைவாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார். அடுத்தவர் வந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். ஒதுக்கிய நிதியைக் குறித்த காலத்துக்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வேறு. செலவழித்த கணக்கு மேலே போகும். சுவர் நிற்கிறதா என்று போய்ப் பார்க்க வழியில் குண்டு வெடிக்கும்!

டான் ஹானிக் என்ற ஆய்வாளர் ஒன்பது உதவி அமைப்புகளின் 14,000-க்கும் மேற்பட்ட திட்டங்களை எடுத்து அலசினார். என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? நிலைமை எப்போது மாறும் என்று தெரியாத நாடுகளில், தலைமையகத்திலிருந்து இழுத்துப் பிடித்து நடத்தும் திட்டங்களைவிட, களத்தில் இருப்பவர் தானே முடிவெடுக்கும் திட்டங்கள் தாக்குப்பிடிக்கின்றன! பொருளாதார ஆய்வாளர் பால் கோலியரும் சகாக்களும் உலக வங்கித் திட்டங்களைப் பார்த்துச் சொன்னது இன்னொன்று: போர் ஓய்ந்த நாடுகளில் அடிக்கடி நேரில் போய் மேற்பார்வை பார்ப்பதன் பலன் மற்ற இடங்களைவிட அதிகம்!

ஜெயித்த கதைகளும் உண்டு!

2009-ல் வர்தக் மாகாணப் போலீசார் சிலருக்குச் செல்போன் வழியாகச் சம்பளம் போட்டுப் பார்த்தார்கள். முதல் மாதம் பணம் வந்ததும் சிலர் துள்ளிக் குதித்தார்கள். சம்பளம் 30 சதவீதம் வரை உயர்ந்துவிட்டதாம்! உண்மையில் ஒரு பைசாகூட உயரவில்லை! இதுவரை நடுவில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டது போக மீதியைத்தான் அவர்கள் முழுச் சம்பளம் என்று நினைத்திருந்தார்கள்!

2003-ல் தொடங்கிய ‘தேசிய ஒற்றுமைத் திட்டம்’ தெரியுமா? ஊர் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சபை ஊருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு 200 டாலர் வீதம், ஊருக்கு அதிகபட்சம் 60,000 டாலர். பொன்னிற ஆட்டை யாரும் கேட்கவில்லை! குடிதண்ணீர் கேட்டார்கள், விளக்கு கேட்டார்கள். சுமார் 35,000 கிராமங்களுக்குப் போனது அந்தத் திட்டம்! 500 கிராமங்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில் குடிநீரும் மின்சாரமும் உண்மையிலேயே மேம்பட்டது தெரிந்தது. பாசனத்திலும் சாலையிலும் அவ்வளவு பலனில்லை என்றும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொன்னது.

புழுவுக்காகப் போர் நிறுத்தம்!

1995-ல் சூடானில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. இரண்டு தரப்பினரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். எதற்காகத் தெரியுமா? நரம்புச் சிலந்திப் புழுவுக்காக! முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் போய்ப் பேசினார். ஏறக்குறைய ஆறு மாதம் சண்டை நின்றது!

தண்ணீரில் வரும் இந்தப் புழு உடம்புக்குள் ஒரு மீட்டர் வரை வளர்ந்து, காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். தடுப்பூசி? கிடையாது. மருந்து? கிடையாது! முக்கியமான ஒரு வழி: தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது. நாடோடிகளுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வடிகட்டி வைத்த உறிஞ்சுகுழாய் கொடுத்தார்கள். 1986-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் 2024-ல் எத்தனை பேருக்கு? பதினைந்து! லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, வெறும் பதினைந்து பேர்! தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் இருந்த நோய் இது. 2000-ல் இந்தியா முழுவதும் ஒழிந்ததாகச் சான்றிதழே வாங்கிவிட்டோம்!

எல் சால்வடாரில் 1985-லேயே இப்படியொன்று நடந்தது. தடுப்பூசிக்காக மூன்று நாள் சண்டை ஓய்வு. சுமார் இரண்டரை லட்சம் குழந்தைகளுக்கு ஊசி!

எலிக்குத் தங்கப் பதக்கம்!

போர் முடிந்த பிறகும் கண்ணிவெடி மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஒரு டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை உலோகம் கண்டறியும் கருவியோடு ஒரு மனிதர் தேடினால் நான்கு நாள்வரை ஆகும். தான்சானியாவில் பயிற்சி பெற்ற ஆப்பிரிக்கப் பெரிய எலி ஒன்று தேடினால்? அரை மணி நேரம்! ஒன்றேகால் கிலோ எடைதான் என்பதால் கண்ணிவெடி மேல் ஏறினாலும் வெடிக்காது! பழைய இரும்பு, ஆணி எதையும் கண்டுகொள்ளாது. வெடிமருந்தின் வாசனை மட்டும்தான் அதற்குக் குறி!

மொசாம்பிக் 2015 செப்டம்பரில் கண்ணிவெடி இல்லாத நாடானது. அந்த வேலையில் எலிகளுக்கும் பங்கு! கம்போடியாவில் வேலை பார்த்த ‘மகாவா’ என்ற எலிக்கு 2020-ல் பிரிட்டிஷ் விலங்குநல அமைப்பு ஒன்று வீரத்துக்கான தங்கப் பதக்கமே கொடுத்தது. பணிக்காலத்தில் அது கண்டுபிடித்த கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் நூறுக்கு மேல்!

பங்களா கேட்டதா? டிவி கேட்டதா? அதன் சம்பளம் என்ன தெரியுமா? வாழைப்பழமும் வேர்க்கடலையும்!